நம் மண்ணில் விளைவதை நம் அடுப்பில் ஏற்றுவோம்

(தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிமாரும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டத்தில் சமையலைப் பற்றி என்ன பேச்சு என்று பின்னால் நிற்கும் அண்ணன்மார் சிலர் சிரிப்பது தெரிகிறது. சம்பளம் பேசலாம், வீடு பேசலாம், காணி பேசலாம். பருப்பும் கீரையும் பொம்பளைகள் பேச்சு என்று நினைக்கிறீர்கள். ஆனால் சம்பளம் எதற்காகக் கேட்கிறோம்? அடுப்பு எரிவதற்காகத்தான். அந்த அடுப்பில் என்ன வேகிறது, அதைத் தின்கிற பிள்ளை எப்படி வளர்கிறது என்று பார்ப்பதும் சங்கத்தின் வேலைதான்.

2016ஆம் ஆண்டு அரசாங்கம் நடத்திய குடிசன, சுகாதார அளவீட்டில் ஒரு கணக்கு வந்தது. நாடு முழுவதும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதியில் மட்டும் எடுத்துப் பார்த்தால் 100க்கு ஏறக்குறைய 32 பேர். அதாவது மூன்று பிள்ளையில் ஒரு பிள்ளை. "நம்ம ஜனங்களே குள்ளம்தான்" என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. கருவில் இருக்கும்போதும் பிறந்து முதல் இரண்டு வருடமும் சத்தான சாப்பாடு குறைந்தால், அடிக்கடி வயிற்றோட்டம் வந்தால், உயரம் நின்றுபோகும். உயரத்தோடு படிப்பில் உள்ள கவனமும் குறையும். வகுப்பில் பத்து மணிக்கு மேல் தலையை மேசையில் சாய்க்கிற பிள்ளையை ஆசிரியர்களாகிய நாங்கள் தினமும் பார்க்கிறோம். அந்தப் பிள்ளை சோம்பேறி இல்லை. அதற்குப் பசி.

ரொட்டியைக் குறை சொல்ல வரவில்லை

தோட்டத்துக்கு வந்து கூட்டம் போடுகிற உத்தியோகத்தர்கள் சிலர், "உங்களுக்குச் சமைக்கத் தெரியாது, எந்நேரமும் ரொட்டிதான்" என்று நம் தாய்மாரைக் குறை சொல்லிவிட்டுப் போகிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு லயத்துக்கு வந்து பார்க்க வேண்டும். விறகு பற்ற வைத்து, தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைக் கிளப்பி, சின்னதைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பிரட்டுக்கு ஓட வேண்டும். அந்த நேரத்துக்குள் ரொட்டியைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? மாவும் உப்பும் தண்ணீரும் போதும். மடித்துக் கொண்டுபோகலாம். மலையில் நின்றபடியே தின்னலாம். வயிறும் சீக்கிரம் பசிக்காது. ரொட்டி நம் வேலை நேரத்துக்கும் நம் சம்பளத்துக்கும் ஏற்றபடி வந்த சாப்பாடு.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களில் இருந்து நம் முன்னோர்கள் வந்தபோது கோதுமை ரொட்டி தின்று வளர்ந்தவர்களாக வரவில்லை. கேப்பை, கம்பு, சோளம், கொள்ளு தின்றவர்கள். இங்கே தோட்டம் அரிசியைக் கடனுக்குக் கொடுத்து, பிறகு சம்பளத்தில் பிடித்தது. அரிசி தட்டுப்பட்ட காலங்களில் கோதுமை மா வந்தது. 1973, 1974 காலத்தில் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினியால் மக்கள் செத்தார்கள். மரவள்ளிக் கிழங்கையும் கிடைத்த கீரையையும் அவித்துத் தின்று பிள்ளைகளைக் காப்பாற்றிய பாட்டிமார் சிலர் இன்றும் நம் லயங்களில் இருக்கிறார்கள். அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு மரவள்ளியும் கீரையும் "இல்லாதவன் சாப்பாடு" என்று ஆகிவிட்டது. விருந்தாளி வந்தால் அதை ஒளித்து வைக்கிறோம். அந்த வெட்கத்தை முதலில் விட வேண்டும்.

கோதுமை நம் நாட்டில் விளைவதில்லை. கப்பலில் வருகிறது. டொலர் ஏறினால் மா விலை ஏறும். 2022இல் மா விலை பல மடங்காக ஏறியபோது, கடைக்காரர் ஒரு கிலோவைக் கேட்டால் அரைக் கிலோ கொடுத்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். நம் அடுப்பு முழுவதையும் கப்பலை நம்பி வைத்திருக்கக் கூடாது. அதுதான் இன்றைய பேச்சின் சாரம். ரொட்டியை விடச் சொல்லவில்லை. ரொட்டிக்குள்ளும் ரொட்டிக்குப் பக்கத்திலும் நம் மண்ணில் விளைவதைச் சேர்க்கச் சொல்கிறோம்.

எந்த மலையில் என்ன இருக்கிறது

எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே யோசனை சரிவராது. 4000 அடிக்கு மேலே, நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்தில் தென்னை இல்லை. முருங்கையும் ஈரப்பலாவும் சரியாக வராது. ஆனால் கோவா, கரட், பீட்ரூட், லீக்ஸ், நோக்கோல், ராபு, உருளைக்கிழங்கு எல்லாம் உண்டு. பீட்ரூட் இலையையும் நோக்கோல் இலையையும் ராபு இலையையும் நாம் வெட்டிக் குப்பையில் போடுகிறோம். அவை மூன்றும் நல்ல கீரை. சின்னதாக அரிந்து, வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய் போட்டு வதக்கி, இருந்தால் கொஞ்சம் தேங்காய்ப்பூ தூவி இறக்கினால் சோற்றுக்கும் ரொட்டிக்கும் சேரும். சந்தையில் வாங்குகிற மரக்கறியில் மருந்து இருக்கும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஓடுகிற தண்ணீரில் இரண்டு தரம் கழுவிக்கொள்ளுங்கள்.

சௌசௌ கொடி இல்லாத லயம் மேல் மலையில் குறைவு. காயை மட்டும் பறிக்கிறோம். அதன் இளந்தளிரைக் கிள்ளிச் சுண்டலாம். கொடி முதிர்ந்தால் அடியில் கிழங்கு வைக்கும். அதைத் தோண்டி உருளைக்கிழங்கு மாதிரிக் கறி வைக்கலாம். ஒரே கொடியில் மூன்று சாப்பாடு.

கீழே கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி, காலிப் பக்கத்துத் தோட்டங்களில் பலா, ஈரப்பலா, மரவள்ளி, முருங்கை, தென்னை எல்லாம் இருக்கின்றன. ஒரு பலாமரம் ஒரு குடும்பத்துக்குப் பல மாதச் சாப்பாடு. பிஞ்சை மூசாகவும், முற்றியதைக் காயாகவும், பழுத்ததைப் பழமாகவும், கொட்டையைத் தனியாகவும் தின்னலாம். ஆர்தர் வி. டயஸ் என்ற தோட்ட முதலாளி ஒருவர் ஊரூராகப் பலாக்கன்று நடச் சொல்லிப் பிரசாரம் செய்தார். சிங்கள மக்கள் இன்றும் அவரை "கொஸ் மாமா" என்று சொல்கிறார்கள். பலாமரத்தை அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அப்படிப்பட்ட மரம் லயத்துக்குப் பின்னால் நிற்க, காய் விழுந்து அழுக, நாம் கடையில் கடனுக்கு மா வாங்குகிறோம்.

நாலு பக்குவம்

இனிச் சொல்வதெல்லாம் புத்தகத்தில் பார்த்தது இல்லை. எங்கள் தோட்டங்களில் உள்ள அம்மாயிமாரிடமும் அப்பாயிமாரிடமும் கேட்டு, பிள்ளைகளைக் கொண்டு எழுதி வைத்தது. அளவு எல்லாம் சுண்டுக் கணக்கு.

முதலாவது, கீரை ரொட்டி. இரண்டு சுண்டு கோதுமை மாவுக்கு ஒரு சுண்டு குரக்கன் மா. அதாவது நம் கேப்பை மா. ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, ஒரு வெங்காயம், ஒரு பச்சைக் கொச்சிக்காய், இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரையோ வல்லாரையோ பீட்ரூட் இலையோ சின்னதாக அரிந்து போடுங்கள். குரக்கன் மா பச்சைத் தண்ணீரில் சேர்ந்து வராது, ரொட்டி வெடிக்கும். கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் விட்டுப் பிசையுங்கள். கீரையை இரவே அரிந்து வைத்தால் காலையில் பத்து நிமிஷம்தான் கூடுதல் வேலை. பிள்ளைகள் கருப்பு ரொட்டி வேண்டாம் என்று சொன்னால் முதல் கிழமை குரக்கன் மாவைக் கால் சுண்டு மட்டும் சேருங்கள். பிறகு கூட்டிக்கொண்டு போகலாம்.

இரண்டாவது, கேப்பைக் கூழ். முதல் நாள் மாலையே குரக்கன் மாவைத் தண்ணீரில் கரைத்து மூடி வைக்க வேண்டும். புளிக்க வேண்டும். மேல் மலைக் குளிரில் இது சீக்கிரம் புளிக்காது. அதனால் அந்தக் காலத்தில் அடுப்போரத்தில் சூடு படும்படி வைப்பார்கள். காலையில் ஒரு கைப்பிடி குறுணை அரிசியை வேகவைத்து, அதில் புளித்த மாவை ஊற்றி, கட்டி விழாமல் கிண்டி இறக்க வேண்டும். உப்பும் சின்ன வெங்காயமும் போதும். மோர் இருந்தால் இன்னும் நல்லது. கொழுந்து மலைக்குப் போத்தலில் கொண்டுபோகலாம். வெயில் நேரத்தில் சாயத்தண்ணியை விட இது தெம்பு தரும். குரக்கனில் சுண்ணாம்புச் சத்து அரிசியையும் கோதுமையையும் விடப் பல மடங்கு உண்டு. பிள்ளை பெற்றவர்களுக்கும் வளர்கிற பிள்ளைகளுக்கும் எலும்புக்கு நல்லது.

மூன்றாவது, கொள்ளு. ஒரு சுண்டு கொள்ளை இரவு ஊறவைத்து அவித்தால் இரண்டு சாப்பாடு. அவித்த தண்ணீரை ஊற்றிவிடாமல், மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, புளியோ தக்காளியோ சேர்த்து ரசம் வைக்கலாம். மழைக்காலத்தில் நனைந்து வருகிறவர்களுக்கு அதுதான் மருந்து என்று நம் பாட்டிமார் வைப்பார்கள். வெந்த கொள்ளைத் தாளித்துச் சுண்டலாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், செத்தல் மிளகாயும் பூண்டும் வைத்து அரைத்துத் துவையலாக்கலாம். கௌபியும் பயறும் இதே மாதிரிதான். சிவப்புப் பருப்பு கப்பலில் வருவது. கொள்ளும் கௌபியும் பயறும் நம் நாட்டிலேயே விளைகின்றன.

நாலாவது, பலாமூசும் பலாக்கொட்டையும். மூசை வெட்டும்போது கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது. துண்டு போட்டு, மஞ்சள், உப்பு, கொறக்கா சேர்த்து, மெல்லிய நெருப்பில் நன்றாக வேகவிட்டு, கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்குங்கள். இறைச்சிக் கறி மாதிரி இருக்கும். கொட்டையை வீசவே கூடாது. நன்றாகக் காயவிட்டு, உலர்ந்த மணலில் புதைத்து வைத்தால் பலா இல்லாத மாதத்திலும் எடுத்து அவித்துத் தின்னலாம். பக்கத்துக் கிராமத்துச் சிங்களத் தாய்மாருக்கு இது நன்றாகத் தெரியும். அவர்களிடம் கேட்டுப் படித்துக்கொள்வதில் குறைவு ஒன்றும் இல்லை. வல்லாரையும் பச்சை அரிசியும் தேங்காய்ப்பாலும் பூண்டும் சேர்த்து அவர்கள் காலையில் குடிக்கிற இலைக்கஞ்சியும் அப்படித்தான் நம் வீடுகளுக்கு வந்தது.

மரவள்ளியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கசக்கிற கிழங்கைத் தின்னாதீர்கள். தோலை நன்றாக எடுத்து, நிறையத் தண்ணீரில், சட்டியை மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். நச்சு அதோடு போய்விடும். நெத்தலிக் கருவாட்டு சம்பலோடு தின்றால் கிழங்கில் இல்லாத சத்தும் சேர்ந்துவிடும்.

தேத்தண்ணி குடிக்கிற நேரம்

நாம் பறிக்கிற கொழுந்தைப் பற்றி நமக்கே சொல்லாத ஒரு விஷயம் உண்டு. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. தேயிலைச் சாயம் அதைப் பிடித்துக்கொள்கிறது. நம் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை? மலை ஏறும்போது மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது. ரொட்டியைக் கடித்து அடுத்த கையால் சாயத்தண்ணியைக் குடிப்பது நம் பழக்கம். குடிக்க வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு தேசிக்காய் பிழிந்த தண்ணீரோ, ஒரு நெல்லிக்காயோ, கொய்யாப்பழமோ எடுத்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். கிளினிக்கில் கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பால் போத்தலில் சாயத்தண்ணி கொடுப்பதை இன்றோடு நிறுத்த வேண்டும்.

கீரை பறிக்கிற மலையில் மருந்து

"கீரை தின்னுங்கள், கீரை தின்னுங்கள் என்கிறீர்கள், எங்கே போய்ப் பறிப்பது?" என்று ஒரு தலைவி கேட்டார். நியாயமான கேள்வி. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் கான் ஓரத்திலும் தேயிலைக்கு இடையிலும்தான் வளர்கின்றன. அதே மலையில்தான் புல்லுக்கு மருந்து அடிக்கிறார்கள். எந்த நம்பர் மலையில் எந்த நாள் அடித்தார்கள் என்று கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு யாரும் சொல்வதில்லை. மருந்து அடித்த மலையில் கீரை பறிக்கவே கூடாது. கழுவினால் போய்விடும் என்று நம்ப வேண்டாம். லயத்துச் சாக்கடை ஓடுகிற கானிலும் பறிக்காதீர்கள்.

இது வீட்டில் மட்டும் தீர்க்கிற பிரச்சினை இல்லை. மருந்து அடிப்பதற்கு முன் எந்த மலை, எந்த நாள் என்று பிரட்டுக்களத்தில் தமிழில் எழுதிப் போட வேண்டும் என்று ஒவ்வொரு தோட்டத் தலைவரும் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். காசு செலவில்லாத கோரிக்கை. மறுப்பதற்குக் காரணம் கிடையாது.

அதைவிடப் பெரிய கோரிக்கை காணி. லயத்துக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள துண்டு நிலத்தில் கீரை போட்டால், "தோட்டக் காணி, பிடுங்கு" என்று சொல்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. தேயிலை இல்லாமல் காடு மண்டிக் கிடக்கும் மலையும் அதே தோட்டத்தில் இருக்கும். தோட்டத்தில் வேலை செய்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் மரக்கறி போட ஒரு துண்டு, அதற்குத் தண்ணீர், அதைப் பிடுங்கமாட்டோம் என்று எழுத்து. இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 7 பேர்ச் காணியில் வீடு கிடைத்த குடும்பங்கள் வீட்டைச் சுற்றி எஞ்சிய இடத்தில் கொங்கிரீட் போடுவதற்கு முன், ஒரு முருங்கைக்கோ தேசிக்கோ சௌசௌவுக்கோ இடம் விடுங்கள்.

யார் சமைப்பது?

இப்போது அண்ணன்மாரிடம் ஒரு வார்த்தை. 1984இல் வேலைநிறுத்தம் செய்து ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வாங்கினோம். நம் சங்கங்களின் வரலாற்றில் பெருமையான விஷயம் அது. ஆனால் கவாத்து வெட்டுகிற, புல்லு வெட்டுகிற ஆண்கள் பகல் ஒரு மணி, இரண்டு மணிக்கு வேலை முடித்து வந்துவிடுகிறார்கள். கொழுந்து எடுக்கிற பெண் நாலரைக்கு மேல் நிறுத்துவிட்டு, விறகும் சுமந்து வந்து, அடுப்பையும் அவளேதான் மூட்ட வேண்டும். கொள்ளை ஊறப்போட, கீரையை அரிய, பலாக்காயை வெட்ட நேரம் எங்கே வரும்? பகல் வீட்டுக்கு வந்த ஆண் சோறு வடித்து ஒரு கறி வைத்தால் அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு மாறிவிடும். கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் அண்டா அண்டாவாகச் சமைக்கிற ஆண்களுக்கு வீட்டுச் சட்டி பெரிய காரியமா? ஆம்பளைப் பிள்ளைகளுக்கும் சமையல் படித்துக்கொடுங்கள். கொழும்பில் வேலைக்குப் போய்க் கடைச் சாப்பாட்டில் சம்பளத்தைத் தொலைக்கிற நம் பையன்களுக்கு அது பெரிய உதவி.

கொப்பியில் எழுதுவோம்

அடுத்த மூன்று மாதத்துக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வீட்டிலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒரு கொப்பியில் தன் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டு மூன்று பக்குவம் எழுத வேண்டும். என்ன போட்டார்கள், எத்தனை சுண்டு, எவ்வளவு நேரம், எந்த மாதத்தில் எந்தக் கீரை வரும், அதை எங்கே பறித்தார்கள், பெயர் என்ன. ஒரே கீரைக்கு ஒரு தோட்டத்தில் ஒரு பெயர், இன்னொரு தோட்டத்தில் வேறு பெயர். எல்லாவற்றையும் எழுதட்டும். கீரை ஒரு கிளையைக் காகிதத்துக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து ஒட்டட்டும். தெரியாத காளானையும் தெரியாத இலையையும் மட்டும் பிள்ளைகளைத் தனியாகப் பறிக்க விடாதீர்கள். பெரியவர்கள் காட்டியதைத்தான் எழுத வேண்டும்.

இதில் அவசரம் இருக்கிறது. பஞ்சக் காலத்தைப் பார்த்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. கேப்பை மாவை எப்போது புளிக்கவைப்பது, எந்தக் கீரையை எந்தக் கிழங்கோடு சேர்ப்பது என்று அவர்கள் தலையில் உள்ளது எங்கேயும் அச்சில் இல்லை. பாட்டி போனால் அதுவும் போய்விடும்.

கொப்பிகள் வந்த பிறகு, பிள்ளைக் காம்பராவில் கொடுக்கிற சாப்பாட்டில் கிழமைக்கு மூன்று நாளாவது கீரையும் பயறும் சேர்க்கக் கேட்போம். கீரை நம் தோட்டத்துக் கீரை, பக்குவம் நம் பாட்டிமார் பக்குவம் என்று காட்டிக் கேட்போம்.

கடைசியாக ஒன்று. நாளைக்கு யாராவது எழும்பி, "இவர்கள் கீரை தின்று சமாளித்துக்கொள்வார்கள், சம்பளம் எதற்கு?" என்று பேசலாம். அதற்கு இப்போதே பதில் சொல்லி வைக்கிறோம். கீரையை மட்டும் தின்று யாரும் மலை ஏற முடியாது. முட்டையும் மீனும் பாலும் நல்ல அரிசியும் வாங்கக் காசு வேண்டும். சமைக்க நேரம் வேண்டும், விளைக்க நிலம் வேண்டும், கழுவத் தண்ணீர் வேண்டும். சம்பளப் போராட்டம் ஒரு பக்கம் நடக்கும். அது முடியும்வரை மூன்றில் ஒரு பிள்ளை வளராமல் நிற்கக் காத்திருக்க முடியாது. அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமையே குரக்கனையும் கொள்ளையும் ஊறவையுங்கள். மருந்து அடிக்கிற மலைப் பட்டியலைக் கேட்டுக் கடிதம் எழுதத் தலைவர்கள் அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குத் தயாராக வாருங்கள்.